டூரிங் பைக்கின் எயார் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா? கராஜில் காற்றடித்துத் தந்தும் இழுவை இல்லை

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில், பாணமை என்று மாதத்தில் இரண்டு தரம் ஓடுகிற பைக். ஒவ்வொரு சேர்விசிலும் எயார் ஃபில்டருக்குக் காற்றடித்துப் போடுகிறார்கள். அப்படியிருந்தும் 70க்கு மேலே இழுவை இல்லை. நானே கழற்றிப் புதிசு போட ஏலுமா?

ஏலும். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் ஏலும். ஆனால் "காற்றடித்துப் போடுகிறார்கள்" என்று நடுவில் ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்களே தம்பி, வருத்தமே அங்கதான் கிடக்கு.

எயார் ஃபில்டர் எல்லாம் ஒரு சாதி இல்லை. வெறும் காய்ந்த பேப்பர் ஒன்று. அதே பேப்பரில் கம்பனியிலேயே எண்ணெய் ஊற வைத்து வருகிறது இன்னொன்று. இப்போதைய பைக் நிறையவற்றில் இதுதான். மூன்றாவது ஸ்பொஞ்ச். காய்ந்த பேப்பருக்கு உட்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகக் காற்றடித்தால் ஒன்றிரண்டு தரம் தாங்கும். எண்ணெய் ஊறின பேப்பருக்குக் காற்றே அடிக்கப்படாது. அதில் தூசியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிசுபிசுப்புத்தான். ரயர் கடைக் கொம்பிரசரை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தால் மேல் தூசு பறக்கும், உள்ளே ஒட்டினது அப்படியே இருக்கும், பேப்பரின் நார் விரிந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் விழும். அடைப்பும் போகவில்லை, காப்பும் போயிற்று. கையால் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் அது கழுவுகிற சாமானும் இல்லை, ஊதுகிற சாமானும் இல்லை. மாற்றுகிற சாமான்.

இதை வாசித்துவிட்டு ஆராவது கராஜ் பாஸ்மார் கோவிக்கலாம். கைராசிக்காரர் எங்கட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. சேர்விஸ் பில்லில் எழுதுவதற்காக ஊதுகிற ஆக்களைத்தான் சொல்கிறேன்.

இழுவை ஏன் விழுகிறது என்றால், ஒரு லீட்டர் பெற்றோல் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 9,000 லீட்டர் காற்று வேணும். 12 லீட்டர் டாங்கியை ஓடித் தீர்க்கும்போது அந்தச் சின்னப் பேப்பருக்குள்ளால் ஒரு லட்சம் லீட்டருக்கு மேல் காற்று போயிருக்கும். காபரேட்டர் பைக்கில் ஃபில்டர் அடைத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பினது போல இருக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். இன்ஜெக்சன் பைக், அதாவது காபரேட்டருக்குப் பதிலாகக் கம்பியூட்டர் அளந்து பெற்றோல் தெளிக்கிற பைக், பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் செலவில் பெரிய வித்தியாசம் தெரியாது, முழு முறுக்கில் மட்டும் மூச்சு வாங்கும். உங்கட 70 கதை அப்படித்தான் படுகிறது. ஆனால் செயின் இறுக்கம், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கிளச் வழுக்குகிறது, இதுகளாலும் அப்படி வரும். புது ஃபில்டர் போட்டும் சரிவரவில்லை என்று மறுகா என்னைப் பேசாதீர்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா? கையேட்டில் 10,000, 12,000, 16,000 என்று பைக்குக்குப் பைக் வேறுபடும். அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் "தூசு கூடின இடத்தில் முன்னதாகவே" என்றும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்து எங்களுக்காகப் போட்டது. பாணமையில் இருந்து உகந்தைக்குப் போகிற கிறவல் றோட்டில் முன்னால் ஒரு டிப்பர் போனால் ஐந்து நிமிசத்துக்குக் கண் தெரியாது. கச்சான் காற்றுக் காலத்தில் படுவான்கரைப் பக்கமும் அதே கதை. சூடடிக்கிற நாளில் வயல்கரை றோட்டில் பறக்கிற பதரும் சுணையும் கிறவல் தூசியை விட மோசம்; ஃபில்டர் மடிப்புக்குள்ளே பஞ்சு மாதிரிப் படிந்துவிடும். கையேட்டில் உள்ள கணக்கில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சூடடிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. தார் றோட்டில் பாதியை மறித்து நெல் காயப்போடுகிறார்கள். களம் இல்லாத சனம் எங்கே போகும், அதைக் குறை சொல்லவில்லை. நெல்லை அள்ளிய பிறகு கரைக்கு அடுக்கின கல்லை ஏனப்பா அப்படியே விட்டுவிட்டுப் போகிறீர்கள்? இரவில் கல்லும் கறுப்பு, றோட்டும் கறுப்பு. கையை உடைத்துக்கொண்ட பொடியன்மார் எத்தனை பேர். சரி, அது கேள்விக்கு வெளியே.

சாமான் வாங்கும்போது "இந்த மொடலுக்குத் தாங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பேரில் வருசத்துக்கு ஒரு மாதிரி வரும். பழைய ஃபில்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரத்தையும் ஓரத்து ரப்பரையும் ஒப்பிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் வேண்டாம். போலிச் சாமானில் மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விரிந்திருக்கும், பசை விட்டுவிட்டுப் போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரியும்.

இனி வேலை. எஞ்சின் ஆறட்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்க முதல் அதைச் சுற்றி ஈரத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் மூடியில் கிடக்கிற மண் அப்படியே உள்ளே கொட்டும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, எந்தக் குழாய் எதற்கு மேலால் போகிறது என்று மறுகா தலையைச் சொறியத் தேவையில்லை.

ஃபில்டர் பெட்டி சிலதில் சைட் கவருக்குப் பின்னால், சிலதில் சீட்டுக்குக் கீழே, பெரிய பைக்குகளில் டாங்கிக்குக் கீழே இருக்கும். சைட் கவரில் ஒரு ஸ்குரூவும் ரப்பருக்குள் செருகின இரண்டு மூன்று முளைகளும் இருக்கும். முளை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் முளை உடையும், கவரோடு வாங்க வேண்டிவரும். டாங்கியைத் தூக்க வேண்டிய பைக் என்றால், காபரேட்டர்காரர் பெற்றோல் பூட்டை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றலாம். இன்ஜெக்சன் பைக்கில் லைனுக்குள் அழுத்தம் நிற்கும். முதலில் பம்புக்கு வருகிற வயர் கப்ளரைக் கழற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். மறுகா சாவியை எடுத்து, பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, துணியைச் சுற்றிப் பிடித்துக் குழாயைக் கழற்றுங்கள். இதை முற்றத்தில் செய்யுங்கள், குசினிக்குப் பக்கத்தில் இல்லை.

பெட்டி மூடியில் நாலில் இருந்து ஏழெட்டு ஸ்குரூ வரை இருக்கும். ஜப்பான் பைக்கின் நட்சத்திர ஸ்குரூவுக்குத் தனி அளவு உண்டு. நிறையவற்றில் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். சாதாரண டிரைவரை வைத்தால் நுனி முழுதாக அமராது, கிறுக்கக் கிறுக்க மேலே எகிறித் தலையை அரித்துவிடும். எங்கட உப்புக் காற்றுக்கு அந்த ஸ்குரூ ஏற்கனவே துரு பிடித்துத்தான் இருக்கும். ஜே.ஐ.எஸ் (ஜப்பான் தர அளவு) டிரைவர் என்று கேட்டு ஒன்று வாங்குங்கள். பிடித்துக்கொண்ட ஸ்குரூவுக்கு டிரைவரை வைத்துப் பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிறுக்குங்கள்.

மூடி கழன்றதும் உடனே ஃபில்டரை இழுக்காதீர்கள். எந்த முகம் வெளியே பார்க்கிறது, அம்புக்குறி எங்கே என்று பாருங்கள். எடுக்கும்போது ஊத்தைப் பக்கம் கீழே இருக்கட்டும், உள்ளே வைத்துத் தட்ட வேண்டாம். எடுத்தவுடன் எஞ்சினுக்குப் போகிற வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். நிறமான துணியாக, ஒரு முழம் வெளியே தொங்குகிற மாதிரி. துணியை உள்ளே மறந்து மூடிவிட்டு, ஸ்டார்ட் வரவில்லை என்று பற்றரியை மாற்றினவர்களும் உண்டு.

இப்போது பெட்டிக்குள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். மாரியில் மாதக்கணக்காக நிறுத்தி வைத்த பைக்கில் குளவி மண் கூடு கட்டியிருக்கும், காற்று இழுக்கிற குழாய் வழியாக எலி வந்து ஒரு சிறங்கை நெல்லைச் சேர்த்து வைத்திருக்கும். சிரிக்க வேண்டாம், இது எங்கட பக்கத்தில் சாதாரணம். ஃபில்டர் எண்ணெயில் தோய்ந்திருந்தால் எஞ்சின் ஒயில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். எஞ்சினின் மூச்சுக் குழாய் இந்தப் பெட்டிக்குள்தான் வருகிறது. மேலதிக ஒயில் அதன் வழியாக இங்கே வந்து கக்கும்.

நான் இந்தப் பதிலை எழுதினதே அடுத்த விசயத்துக்காகத்தான். ஃபில்டருக்கு எஞ்சின் பக்கம் இருக்கிற சுவரை, அதுதான் சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தை, விரலால் தடவுங்கள். மா மாதிரி மெல்லிய சிவப்புத் தூசு விரலில் வந்தால் உங்கட பிரச்சினை அடைப்பு இல்லை, கசிவு. அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும். கசிகிற ஃபில்டர் எஞ்சினைத் தின்னும். கிறவல் தூசியில் உள்ள மணல் பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் (சிலிண்டரின் உட்சுவர்) நடுவில் அரத்தாள் வேலை செய்யும். ஒரு நாள் சைலன்சரில் நீலப் புகை வரும்போதுதான் தெரியவரும். பெரும்பாலும் கசிவது பேப்பருக்குள்ளால் இல்லை, ஓரத்தால். மூடியின் ரப்பர் வளையம் காடியை விட்டு எழும்பியிருக்கும், அல்லது ஒரு ஸ்குரூ இல்லாமல் மூடி ஒரு மூலையில் வாய் பிளந்திருக்கும். பெட்டியையும் காபரேட்டரையும் இணைக்கிற ரப்பர் குழாயின் உதடு உட்பக்கம் மடிந்து கிடக்கிறதும் உண்டு. இந்த மூன்றாவதைக் கண்ணால் பார்க்க ஏலாது, விரலைச் சுற்றிவர ஓட்டிப் பார்க்க வேணும்.

பெட்டியை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, துணியை எடுத்து, புதிய ஃபில்டரை அம்புக்குறி பார்த்து வையுங்கள். நாலு மூலையையும் பெருவிரலால் அழுத்தினால் ரப்பர் ஓரம் காடிக்குள் இறங்குவது கைக்குத் தெரியும். ரப்பர் காய்ந்து அடம்பிடித்தால் அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தால் இளகும். காடியில் மெல்லிசாகக் கிறீஸ் பூசலாம். பேப்பரில் ஒரு சொட்டும் படப்படாது. ஸ்குரூக்களை எதிரெதிராக, முதலில் எல்லாவற்றையும் கையால் பிடிக்கவிட்டு, பிறகு டிரைவரால் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் மரை. "இன்னும் ஒரு கால் சுற்று" என்று பலம் காட்டினால் அது அரைந்து, நான் மேலே சொன்ன வாய் பிளக்கிற வேலை தொடங்கும். இன்ஜெக்சன் பைக் சிலதில் பெட்டியிலேயே ஒரு சென்சர் இருக்கும். அதன் வயரைத் திரும்பப் போட மறந்தால் மீட்டரில் எஞ்சின் லைட் எரியும்.

கசிவு போனதா என்று பார்க்க, மூட முதல் எஞ்சின் பக்கச் சுவரில் நகம் அளவு இடத்தில் வெள்ளைக் கிறீசை மெல்லிசாகத் தடவி விடுங்கள். ஒரு 500 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திறந்தால், கிறீஸ் வெள்ளையாக இருந்தால் சரி. சிவந்திருந்தால் ஓரத்தைத் திரும்பத் தேட வேணும்.

ஸ்பொஞ்ச் வைத்திருக்கிறவர்களுக்கு, ஹொண்டா எக்ஸ்.ஆர் 250 மாதிரிப் பழைய ஜப்பான் பைக்காரர்கள் இங்கே இருக்கிறபடியால், சுருக்கமாக: மண்ணெண்ணெயில் கழுவி, மறுகா சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பெற்றோலில் கழுவ வேண்டாம், ஒட்டின பசை விடும், நெருப்புப் பயமும் உண்டு. காய்ந்ததைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, ஸ்பொஞ்சுக்கென்று வருகிற ஒயிலோ 80-90 கியர் ஒயிலோ ஊற்றிப் பிசைந்து, வடியாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். ஒயில் இல்லாத ஸ்பொஞ்ச் தூசியைப் பிடிக்காது. கிள்ளினால் துகள் உதிருகிற பழைய ஸ்பொஞ்சைக் கழுவிப் பிரயோசனம் இல்லை, அந்தத் துகள் காபரேட்டரின் ஜெட்டில், அதாவது பெற்றோல் வருகிற சின்ன ஓட்டையில், போய் நிற்கும்.

வாரன்டிக்குள் இருக்கிற பைக் என்றால் கம்பனி ஃபில்டரையே போட்டு, பில்லைக் கிழிக்காமல் வையுங்கள். ஃபில்டர் இல்லாமல் "ஒருக்கா ஓடிப் பார்ப்பம்" என்ற வேலை மட்டும் வேண்டாம்.

பெட்டியின் அடியில் மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று தொங்கும், அதை ஆரும் கவனிப்பதில்லை. மூச்சுக் குழாயால் வந்த ஒயிலும் மழைத் தண்ணியும் அதில்தான் சேரும். கிளிப்பை அமத்தி மூடியை இழுத்து வடியவிட்டுத் திரும்பப் போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் அதுவும் தூசு போகிற வாசல்தான். மாரியில் மாதம் ஒருக்கா பாருங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணி போயிருக்கிறது. அப்போது ஃபில்டரையும் திறந்து பார்க்க வேணும். வேலை முடிந்ததும் பெட்டி மூடியில் மார்க்கரால் திகதியையும் மீட்டர் கணக்கையும் எழுதிவிட்டு சைட் கவரைப் போடுங்கள்.