சைக்ளின் பி1 பேண்டு மங்கலா? ஆன்டிபாடியைத் திட்டுவதற்கு முன்

கேள்வி: ராயபுரத்தில் ஒரு லேப். ஹீலா (மனிதப் புற்றுநோய்) செல்லில் சைக்ளின் பி1 என்ற செல்பிரிவுப் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பேண்டாக, அதாவது கோடாகக் காண்பது) பார்க்க, முயல் பாலிகுளோனல் (பல இடங்களைப் பிடிக்கும் கலவை) ஆன்டிபாடி வாங்கினோம். நோகோடசோல் (செல்பிரிவைப் பாதியில் நிறுத்தும் மருந்து) போட்டும் பேண்டு மங்கல், வேண்டாத பேண்டுகள் ஏராளம். ஆன்டிபாடி போலியா?

பதில்: எனக்குச் சந்தேகம் உங்கள் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கழுவல் மேல்தான். சைக்ளின் பி1 ஜி2-வில் (பிரிவுக்கு முந்தைய கட்டம்) ஏறி, மைட்டாசிஸில் (செல் பிரியும் கட்டம்) உச்சிக்குப் போய், அனாஃபேஸ் (குரோமோசோம்கள் விலகும் கட்டம்) தொடங்கும்போது சிதைந்துவிடும். நோகோடசோல் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 16 மணி நேரம் என்றால் செல்கள் மைட்டாசிஸில் நின்று, உருண்டு, தட்டில் பிடிப்பு விட்டுப்போகும். பழக்க தோஷத்தில் மீடியத்தை உறிஞ்சிக் கழுவினீர்களோ, பார்க்க வேண்டிய செல்லெல்லாம் சிங்க்கில். தட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் மைட்டாசிஸுக்கே போகாத கூட்டம். மீடியத்தைக் குழாயில் பிடியுங்கள். தட்டைப் பக்கவாட்டில் தட்டி மிச்சத்தையும் உதிர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படியும் அந்தப் பெல்லட்டை லைஸ் செய்யுங்கள் (செல்லை உடைத்துப் புரதத்தை எடுங்கள்). பக்கத்து லேனில் இரட்டைத் தைமிடின் பிளாக் (2 மில்லிமோலார்; செல்லை மைட்டாசிஸுக்கு வெகு முன்பே நிறுத்துவது) செய்த செல். முதல் லேனில் தடித்து இரண்டாவதில் மெலிகிற பேண்டுதான் உங்களுடையது.

கணக்குப்படி சைக்ளின் பி1-இன் எடை 48 கிலோ டால்டன். ஜெல்லில் 55–60 பக்கம் ஓடும். ஐபி (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து எடுப்பது) செய்து, பிளாட்டுக்கும் முயல் ஆன்டிபாடியே போட்டால் 50-ல் ஆன்டிபாடியின் சொந்த ஹெவி செயின் வந்து ஒட்டி நிற்கும். அதையே சைக்ளின் என்று தீசிஸில் ஒட்டிவிடாதீர்கள்.

"மோனோகுளோனல் (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி) வாங்கியிருந்தால் தொல்லையே இல்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அந்தச் செல்லும் இதே சிங்க்கில்தான் போயிருக்கும்.

வேண்டாத பேண்டுக்கு: லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம் போதும். பிளாக் செய்ய (வெற்றிடங்களை மூட) டிபிஎஸ்டி பஃபரில் 5% ஸ்கிம் மில்க், பிரைமரி (அந்த முயல் ஆன்டிபாடி) 1:1000-த்தில் தொடங்கி 1:2000, 4 டிகிரியில் இரவு முழுக்க. மெம்பிரேனில் ஒரு துண்டு வெட்டி செகண்டரி (பிரைமரியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலும் வருகிற பேண்டுக்கு முயல் பொறுப்பில்லை. 55-க்குக் கீழே படிக்கட்டு மாதிரி வந்தால் சிதைவு. அதைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் வீரியம் இழக்கும், லைஸ் செய்யும் நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். செகண்டரி கரைசலில் அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) கூடவே கூடாது, செகண்டரியில் ஒட்டியிருக்கும் எச்ஆர்பி நொதி செத்துவிடும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் ஆன்டிபாடி பார்சல் மாட்டி, ஐஸ் பேக் வெந்நீராக வந்து சேர்வது நம் பக்கத்துத் தலையெழுத்து. துறைமுகத்துக்கு வழிவிட்டே நம் ஆயுசு போகிறது, அது தனிக்கதை. ஆனால் பாதிக்குப் பாதி கிளிசராலில் இருக்கிற ஐஜிஜி (ஆன்டிபாடி) ஒரு நாள் வெயிலுக்குப் பொதுவாகச் சாகாது. அதைவிட மோசம், தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரீசர். கிளிசரால் இல்லாத குப்பியென்றால் அதில் உறைந்து உருகியே பாழாகும். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து, தானாகப் பனி உருக்காத ஃபிரீசரில் வையுங்கள்.

லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை நோட்டில் எழுதுங்கள். அடுத்த லாட் வேறு முயலாகவே இருக்கலாம். பழைய குப்பி தீர்வதற்குள் இரண்டையும் ஒரே லைசேட்டில் ஓட்டிவிடுங்கள்.