மச்சான் அனுப்பிய மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ராத்திரியில் நாலு தடவையாவது எழும்பி வெளியே போகிறார். போனாலும் சிறுநீர் உடனே வருவதில்லையாம். கொழும்பிலிருக்கும் மச்சான், புரொஸ்டேட்டுக்கு (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) நல்லது என்று சோ பால்மெட்டோவும் லைகோபீனும் கலந்த மாத்திரை அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? இல்லை, தக்காளி, சோயாமீட், கிரீன் டீ போதுமா?
– ஹட்டன் வாசகி

பதில்: மாத்திரை வேண்டாம். சாப்பாடு தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை நம்பி டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சோ பால்மெட்டோ ஒரு குட்டைப் பனையின் பழத்திலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் 225 ஆண்களை வைத்து ஒரு வருடம் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 2011இல் வந்த ஆய்வில் அளவை மூன்று மடங்குவரை கூட்டியும் பார்த்தார்கள். இரண்டிலும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அது எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை.

லைகோபீன் கதை கொஞ்சம் வேறு. தக்காளி, சிவந்த பப்பாசி, வத்தகப்பழம், உள்ளே சிவந்த கொய்யா ஆகியவற்றுக்கு நிறம் கொடுப்பது அதுதான். தக்காளியைப் பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெயில் வதக்கிக் குழம்பாக்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். அதைத்தான் நாம் எப்போதும் செய்கிறோம். தக்காளி நிறையச் சாப்பிடுபவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டின. ஆனால் அது புற்றுநோய் பற்றிய பேச்சு. உங்கள் அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் வயதோடு வரும் புரொஸ்டேட் சுரப்பி வீக்கம். சத்தைப் பிரித்து மாத்திரையாக்கினால் பலன் கூடும் என்பதும் நிச்சயமில்லை. 35,000க்கும் அதிகமான ஆண்களுக்கு விட்டமின் ஈ, செலினியம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், விட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது!

சோயாமீட் நல்ல புரதம், அவ்வளவுதான். பக்கெட்டோடு வரும் மசாலாத் தூளை முழுதும் கொட்டாதீர்கள். உப்பு கூடினால் ராத்திரிச் சிறுநீரும் கூடும்.

தேத்தண்ணிதான் எனக்குப் பெரிய சந்தேகம். கிரீன் டீயும் நம் கறுப்புத் தேயிலையும் ஒரே கொழுந்துதான், இரண்டிலும் கஃபீன் இருக்கிறது. குளிருக்கு இதமாக ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பிளேன்டீ குடித்தால் அது சிறுநீர்ப்பையைச் சும்மா விடாது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள். அப்பா முணுமுணுப்பார், பரவாயில்லை. பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். அப்புறம், தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை இரண்டுமே சிறுநீரை அடைத்துவிடக்கூடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கேட்கும்போது இந்தப் பிரச்சினையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி டொக்டர் விஷயம். சீனி வருத்தம் இருந்தாலும் ராத்திரியில் இப்படித்தான் எழும்ப வைக்கும். ஆகவே இரத்தத்தில் சீனி, சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் பிஎஸ்ஏ (புரொஸ்டேட்டுக்கான இரத்தச் சோதனை) என்று பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டக் காசில்லை. வீக்கம்தான் என்றால் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. டாம்சுலோசின் சில நாட்களிலேயே வேலை செய்யும். எழும்பும்போது தலைசுற்றலாம், இருட்டில் படியிறங்குபவர் கவனமாக இருக்க வேண்டும்.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அடிவயிறு முட்டி ஒரு சொட்டும் போகாவிட்டால், நடு ராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

போவதற்கு முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன குடித்தார் என்று ஒரு கொப்பியில் குறித்துக் கொடுங்கள். மச்சானின் மாத்திரைப் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.