நாலரை மாதம் போய்விட்டது, இனி எழுதிக் கொடுங்கள்

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி எழுதுகிறார்: டீம் லீடர் இரவில் ஆபாசமாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். கடைசிச் செய்தி வந்து நாலரை மாதம் ஆகிறது. ஹெச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னேன், "பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். போன மாதம் அப்ரைசலில் என்னைக் கீழே இறக்கிவிட்டார். "தயங்காமல் பேசுங்கள்" என்று ஆபீஸ் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள்கூட வாய் திறப்பதில்லை. ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போடலாமா?

போஸ்டரை விடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது "நாலரை மாதம்" மட்டும்தான்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை ஏற்றால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆக, உங்கள் கையில் இருப்பது ஆறு வாரம். ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. ஆனால் தாமதத்துக்குக் காரணமாக அதைத்தான் எழுத வேண்டும்: எந்தத் தேதி, யாரிடம், என்ன பதில்.

"அப்ரைசல் போன மாதம்தானே, அதிலிருந்து கணக்கு வைக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இதில்தான் புகார் கொடுப்பவர்கள் கவிழ்கிறார்கள். கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழக வழக்கில், 2023 ஏப்ரலில் நடந்ததற்கு டிசம்பரில் கொடுத்த புகார் காலம் கடந்தது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு வந்த நிர்வாக நடவடிக்கைகளைத் தொந்தரவின் தொடர்ச்சியாக அது ஏற்கவில்லை.

ராஜினாமா வேண்டவே வேண்டாம். "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். வேலையில் இருந்தால், விசாரணை முடியும்வரை உங்கள் அப்ரைசலை டீம் லீடர் எழுதக் கூடாது என்று குழுவிடம் இடைக்கால நிவாரணம் கேட்கலாம்.

சாட்சிகளின் பெயரையும் புகாரில் போடுங்கள். கேன்டீனில் வாய் திறக்காதவர்கள், குழு முறையாக அழைத்ததும் பேசியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விசாரணை விவரத்தை வெளியிடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும். நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது, அதற்காக நீங்களும் பயப்பட வேண்டாம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். அவர் கீழ் வேலை பார்க்கக் கூடாது, அப்ரைசலைத் திருத்த வேண்டும், இவ்வளவுதான் உங்களுக்கு வேண்டும் என்றால், விசாரணை தொடங்கும் முன் நீங்களே குழுவிடம் சமரசம் கேளுங்கள். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்ய முடியாது. பதிவு செய்த சமரசத்தின் பிரதியைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதன் பிறகு விசாரணை நடக்காது.

சரி, செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். புகாரை ஆறு பிரதி எடுத்து இந்த வாரமே குழுவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.