ஐஸ் மூட்டைக்கு 50 சென்

ஐயா, கோலாலம்பூரில் சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குப் போட்டிச் சட்டத்தை (வணிகர்கள் கூடிச் சந்தைப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம்) எடுக்கலாமா? அது பெரிய கம்பெனிகளின் பொருளாதாரம், சட்டமே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். தீர்ப்புகளும் குறைவு.
— ஒரு மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

எடுங்கள். தீர்ப்பு குறைவு என்பது ஆய்வு செய்பவர் சொல்லும் குறையா? பொருளாதாரமா சட்டமா என்ற சண்டை அமெரிக்காவில் பழையது. லினா கான் என்பவர் 2017-இல் சட்ட மாணவியாக யேல் பல்கலைக்கழகச் சட்ட இதழில் எழுதித்தான் அதை மறுபடி கிளப்பினார். அது கிடக்கட்டும்.

எனக்கு எரிச்சல் மூட்டியது ‘பெரிய கம்பெனிகள்’தான். நம் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் முதலில் சிக்கியது யார்? கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கம். கூடி 10 விழுக்காடு விலையேற்றினார்கள். பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கு ஐஸ்காரர்கள். 2014 ஜனவரி 1 முதல் டியூப் ஐஸ் மூட்டைக்கு 50 சென், பெரிய கட்டிக்கு 2.50 ரிங்கிட் கூடும் என்று ஊரறியவே சொன்னார்கள். தப்பு என்றே தோன்றவில்லை!

அதே நாளில் மின்கட்டணம் ஏறியது உண்மைதான். அவரவர் கணக்குப் பார்த்து அவரவர் ஏற்றியிருந்தால் யாரும் கேட்க முடியாது. கூடிப் பேசியதுதான் குற்றம். போட்டியாளர்கள் விலையை ஒத்துக்கொண்டாலே போட்டியைக் கெடுப்பதுதான் நோக்கம் என்று 4(2) பிரிவு எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளருக்கு எவ்வளவு நட்டம் என்று மலேசியப் போட்டி ஆணையம் காட்ட வேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வேண்டாம், சங்கத் தீர்மானமே போதும். ‘செலவு ஏறிப்போச்சு’ என்பது விலையேற்றக் காரணம். சேர்ந்து ஏற்றியதற்குக் காரணம் ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் நம் சங்கங்களுக்கு ஏறுவதில்லை. அபராதமோ மீறல் நடந்த காலத்து விற்றுமுதலில், அதாவது மொத்த விற்பனைத் தொகையில், 10 விழுக்காடு வரை. லாபத்தில் அல்ல, விற்றுமுதலில். சாப்பாட்டுக் கடைக்காரரைக் கேளுங்கள், அது எவ்வளவென்று சொல்வார்.

கூட்டத்தில் விலைப் பேச்சு வந்தால் வாய்மூடி உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. மறுப்பைச் சொல்லி எழுந்து போக வேண்டும், போன நேரத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்ல வேண்டும். ‘தலைவர் கோவிச்சுக்குவார்’ என்று தயங்கினால் கடை போகும்.

ஆய்வுக்குக் கேள்வி வேண்டுமா? அண்ணனுக்கு ஒரு கம்பெனி, தம்பிக்கு ஒரு கம்பெனி, தனித்தனி வாழையிலைக் கடைகள். தீபாவளிக்கு வீட்டில் கூடும்போது சாப்பாட்டு விலையைப் பேசி முடிவு செய்கிறார்கள். இவர்கள் இரண்டு போட்டியாளர்களா, ஒரே நிறுவனமா? தாய்க் கம்பெனியையும் அதன் சொல்படி நடக்கும் துணைக் கம்பெனியையும் ஒரே நிறுவனமாகப் பார்க்க 2-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அண்ணன் தம்பியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.