வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை: வீட்டுத் தையல் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனித் தேரோட்டம் முடிந்து ஆடித் தள்ளுபடி தொடங்கினால் கேள்விகள் வந்து குவியும். பெரும்பாலும் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். என் பதில்களோ சுற்றிச் சுற்றித் துணியிடமே போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரவநல்லூர்க் கைத்தறித் துணி எடுத்துச் சுடிதார் தைத்தேன் டீச்சர். ஒரே சலவையில் உயரம் குறைந்துவிட்டது, கையும் மேலே ஏறிவிட்டது. துணி மட்டமா? (சேரன்மகாதேவி)

துணியின் மேல் பழி போடாதீர்கள். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், கஞ்சியும் ஏறியிருக்கும். தண்ணீர் பட்டவுடன் இழை தளர்ந்து தன் நிலைக்குத் திரும்புகிறது. பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்குவது சாதாரணம், அதுவும் நீளவாட்டில்தான் அதிகம். இரண்டரை மீட்டர் துணியில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாங்கிவந்த அன்றைக்கே பக்கெட்டில் ஊறப்போடுங்கள். இரவு முழுக்கக் கிடக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் போதும். கல் உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நிற்காத சாயம் உப்புக்கும் நிற்காது. அதைத் தனியாகத் துவைப்பதுதான் வழி.

அடுத்தது இழை நேர், அதாவது துணியை இழை ஓடும் வாக்கிலேயே நேராக வெட்டுவது. கடையில் கத்தரித்துக் கொடுத்த ஓரம் அநேகமாகக் கோணலாகத்தான் இருக்கும். ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஊசி முனையால் குறுக்கு இழை ஒன்றை நெம்பி எடுத்து மெதுவாக உருவுங்கள். துணி சுருங்கிச் சுருங்கி வழிவிடும். இழை வெளியே வந்ததும் அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். கத்தரி அதன் மேல் போகட்டும். இதைச் செய்யாமல் வெட்டிய சுடிதார்தான் இரண்டு சலவைக்குப் பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். பிறகு தைத்தவரைத் திட்டிப் பயனில்லை.

லைனிங் துணியையும் நனைக்க வேண்டுமா? (மேலப்பாளையம்)

அதைத்தான் முதலில் நனைக்க வேண்டும். மேல்துணி பட்டு, உள்ளே லைனிங் 2×2 பருத்தி (இரட்டை இழை நூலில் நெய்தது) என்று வையுங்கள். துவைத்ததும் உள்ளே இருப்பது சுருங்கும், மேலே இருப்பது சுருங்காது. ஜாக்கெட் கை சுருக்கம் சுருக்கமாக நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

துணி, நூல், லைனிங் எல்லாம் எங்கே வாங்குவது நல்லது அக்கா? நான் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். (வண்ணார்பேட்டை)

லைனிங், ஃபால்ஸ், கொக்கி, கேன்வாஸ், நாடா எல்லாவற்றுக்கும் திருநெல்வேலி டவுன்தான். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைக் காலையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மாலைக் கூட்டத்தில் நிதானமாகப் பார்க்க முடியாது. லைனிங் நிறம் சேர்க்கும்போது இரண்டு துணியையும் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பாருங்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த அரக்கும் மெரூனும் வெளிச்சத்தில் வேறு வேறாகிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மீட்டர் கணக்கைச் சொல்வதற்கு முன் அகலத்தைக் கேளுங்கள். 36 அங்குலத் துணிக்கும் 44 அங்குலத் துணிக்கும் ஒரே கணக்குப் போட்டால் கை வெட்டத் துணி இருக்காது.

பருத்திக்கு வீரவநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் போகலாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கவே இருக்கிறது. தள்ளுபடிக் காலம் பார்த்துப் போனால் பைக்கும் நல்லது. கற்றுக்கொள்ளும் கைக்கு நல்ல துணி வேண்டாம். காடாத் துணி வாங்குங்கள், இல்லையென்றால் பழைய வேட்டியை வெட்டுங்கள். கட் பீஸ் மலிவு என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். உடம்பு பெரிதாக இருந்தாலும் கை நீளமாக வேண்டுமென்றாலும் ஒரு மீட்டர்.

நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் விரலை அறுக்கப் பார்க்கும்; மட்டமானது பட்டென்று விட்டுப்போகும். பாபநாசத்து நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நூற்பாலை போட்ட ஊர்க்காரர்கள் நாம். நூல் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

ஊசி மாற்றியதிலிருந்து தையல் விட்டு விட்டு விழுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடவா? (அம்பாசமுத்திரம்)

கூப்பிடாதீர்கள். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கண் வரைக்கும் நீளமாகப் பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். மாட்டும்போது ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித் திருகாணியை இறுக்குங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18. இதற்குப் பிறகும் தையல் விட்டால் மெக்கானிக்.

துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. அடிநூல் சுற்றிய பாபினை எத்தனை முறை மாற்றினாலும் அப்படியே இருக்கிறது. (தச்சநல்லூர்)

அடியில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் மேல்நூலின் கோளாறு. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நூலை மீண்டும் கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும். நூல் உள்ளே உட்காராது. பாபின் கேஸைச் சோதிக்க வேண்டுமென்றால் நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா இருந்தால் இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டும்.

எங்கள் ஊரில் கடல் காற்று. மெஷின் துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (உவரி)

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசின் போல இறுகி மெஷினைச் சிக்கவைத்துவிடும். மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். விட்டபிறகு பழைய துணியில் கொஞ்சம் தைத்து எண்ணெயை வெளியேற்றுங்கள். ஊசிகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலடியில் மெஷினைப் போடாதீர்கள்.

அம்மாவின் செடிபுட்டாச் சேலை பழசாகிவிட்டது. குழந்தைக்குப் பாவாடை தைக்க ஆசை, வெட்டவும் மனம் வரவில்லை. (வீரவநல்லூர்)

செடியும் பூவுமாக நெய்த உங்கள் ஊர்ச் சேலை, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது, தயக்கம் நியாயம்தான். ஆனால் பெட்டிக்குள் மடிப்பிலேயே இற்றுப்போவதைவிடக் குழந்தை உடுத்தித் திரிவது மேல். முதலில் சேலையை ஜன்னலில் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடமும் கால் மிதிபட்ட ஓரமும் சல்லடையாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுங்கள். இடுப்பில் சொருகும் உள்முந்திப் பக்கம் உறுதியாகவே இருக்கும். பாவாடையை அதிலே எடுங்கள். கரை கீழே வரட்டும். கரைக்கு மேலே உள்பக்கமாக இரண்டு மடிப்பு வைத்துப் பெரிய தையலாகப் போட்டால் அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். முந்தியை வெட்டாமல் வைத்திருங்கள், பின்னால் கேட்பாள்.

குழந்தை கவுனில் லேஸ் வைத்தேன். துவைத்ததும் அலை அலையாக நிற்கிறது. (திசையன்விளை)

நைலான் லேஸ் வைத்திருப்பீர்கள். அது சுருங்காது, கவுன் சுருங்கியது. முன்பே சொன்ன கதைதான். இஸ்திரிச் சூடும் அதற்கு ஆகாது, உருகும். பருத்தி லேஸ் வாங்கி, அதையும் நனைத்துக் காயவைத்தபிறகு வையுங்கள். திசையன்விளைக்காரர் லேஸ் பற்றிக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. பக்கத்து இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. விரலளவு லேசுக்கே வெகுநேரம் பிடிக்கும்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஆண்பிள்ளை இந்த வயதில் தையல் பழகினால் தெருவில் சிரிக்க மாட்டார்களா? (பேட்டை)

டவுனில் தையல் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள் ஐயா. முதலில் தலையணை உறை தையுங்கள். துணி வெட்டத் தனிக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் அதில் காகிதம் வெட்டினால் வீட்டில் ஒரு சண்டை போட்டாலும் தப்பில்லை.

கணவர் இல்லை. தைத்துப் பிழைக்கலாம் என்று நினைக்கிறேன், மெஷின் வாங்கப் பணமில்லை. (நாங்குநேரி)

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கானது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். வயது, வருமான வரம்பு உண்டு. தையல் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள் என்பதால் முதலில் பயிற்சியில் சேருங்கள். மெஷின் கைக்கு வரும்வரை கையாலேயே ஃபால்ஸ் வைத்துக் கொடுங்கள், கொக்கி கட்டிக் கொடுங்கள். இரண்டுக்கும் ஊசியும் நூலும் போதும், தீபாவளி நெருக்கத்தில் தையல் கடைக்காரர்களே ஆள் தேடுவார்கள்.