ஓசியில் பாட்டு இறக்கியதால் இசைத்துறை அழிந்துவிட்டதா?

அழியவில்லை, காசு வரும் வழிதான் மாறியது. திருட்டும் புதிதல்ல. எண்பதுகளில் நம்மூர் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கியதும் (பெரும்பாலும்) திருட்டுதான். 1999இல் வந்த நாப்ஸ்டர் (இணையம் வழியாக ஒருவர் கணினியிலுள்ள பாட்டை இன்னொருவர் இறக்கிக்கொள்ள உதவிய மென்பொருள்) அதை உலகம் முழுவதற்கும் இலவசமாக்கியது. வழக்குப் போட்டு 2001இல் முடக்கினார்கள். ஆனால் பிடித்த ஒரே பாட்டுக்காக முழு சிடியை வாங்கும் வழக்கம் திரும்பவில்லை.

2003இல் ஆப்பிள் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. 2008இல் ஸ்பாட்டிஃபை, வாங்கவே வேண்டாம், கேட்டால் போதும் என்றது. போலீஸைவிட இந்தச் சௌகரியம்தான் திருட்டைக் குறைத்தது என்பேன்.

அடி விழுந்தது சின்னக் கலைஞர்களுக்கு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. 30 விநாடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்றால், ஒரு நிமிடம் வயலினிலேயே நடந்துவிட்டுப் பிறகு பல்லவிக்கு வரும் தைரியம் எந்த இசையமைப்பாளருக்கு வரும்?