குவியம்: கணக்கில், லென்சில், கண்ணில் (கேள்வி பதில்)

ஒளிக்கதிர்கள் வந்து சேரும் புள்ளி என்றே குவியத்தைப் பலரும் அறிவார்கள். அது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இயற்பியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (ஈசூன், உயர்நிலை மாணவி): டீச்சர், நீள்வட்டத்தில் ஒளியே இல்லையே. அதற்கு எதற்குக் குவியம்?

பதில்: வடிவம் முதலில், ஒளி அப்புறம்தான் கண்ணு. அட்டையில் இரண்டு ஊசி குத்தி, நூலின் இரு முனைகளையும் அவற்றில் கட்டு. ஊசிகளின் இடைவெளியைவிட நூல் நீளமாக இருக்கட்டும். பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துச் சுற்றி வந்தால் நீள்வட்டம் கிடைக்கும். ஊசி குத்திய இடங்கள்தான் குவியங்கள். கோட்டில் எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு ஊசிக்கும் உள்ள தூரத்தின் கூட்டுத்தொகை மாறாது, ஏனென்றால் நூல் ஒன்றுதான்.

அந்த வளைவையே பளபளக்கும் சுவராக்கினால், ஒரு குவியத்தில் கிளம்பும் ஒளி எங்கே பட்டுத் திரும்பினாலும் மற்றதற்கே போகும். அதிர்வலையும் அப்படித்தான். சிறுநீரகக் கல்லை உடைக்கும் ஒருவகைக் கருவியில் ஒரு குவியத்தில் மின்பொறி வெடிக்கும். இன்னொன்றில் கல் இருக்கும்படி நோயாளியைப் படுக்க வைப்பார்கள். கத்தியே தேவையில்லை!

இந்தப் புள்ளிகளுக்குப் பெயர் வைத்தவர் கெப்ளர், 1604இல். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று அவர் விளக்கியதும் அதே நூலில்தான்.

கேள்வி: பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்தால் விழும் புள்ளிதான் குவியமா?

பதில்: ஆமாம், சூரியன் அவ்வளவு தொலைவில் இருப்பதால். ஆனால் அது புள்ளி அல்ல, சூரியனின் குட்டிப் படம். குவியத்தூரம், அதாவது லென்சிலிருந்து குவியம் வரை உள்ள தூரம், 10 செ.மீ. என்றால் படம் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். பொருள் கிட்ட வந்தால் படம் குவியத்தைத் தாண்டிப் போய் விழும். பலர் குழம்புவது இங்கேதான். லென்சின் பவரை டயாப்டரில் சொல்வார்கள்: 1ஐ மீட்டரில் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது அது. வீட்டில் பிளஸ் 2 வாசிப்புக் கண்ணாடி (குவியத்தூரம் அரை மீட்டர்) இருந்தால், பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து அரை மீட்டரில் பிடியுங்கள். எதிர்க் கட்டடம் தலைகீழாகச் சுவரில் தெரியும். லென்சிலிருந்து 2 மீட்டரில் உள்ள ஒரு விளக்கைப் பிடித்தால் படம் 67 செ.மீ.க்குத் தள்ளிப்போகும்.

கேள்வி: கேமராவும் கண்ணும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கேமராவில் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். நம் கண்ணில் லென்சின் வளைவே மாறும்.

கேள்வி (செங்காங், ஒரு தாய்): பையன் தொடக்கநிலை 2 படிக்கிறான். பவர் மைனஸ் 2 என்கிறார்கள். அவன் கண்ணில் என்ன நடந்தது?

பதில்: கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி நீளமாக வளர்ந்துவிடுகிறது. பெரியவர் கண்ணே சுமார் 24 மி.மீ.தான். அதில் ஒரு மி.மீ. கூடினாலே 2 டயாப்டருக்கு மேல் பவர் ஏறும். தூரத்துப் பொருளின் குவியம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். உங்கள் பையனுக்கு அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல், வகுப்பறைப் பலகை உட்பட. மைனஸ் லென்ஸ் கதிர்களைச் சற்று விரித்து, குவியத்தைப் பின்னால் தள்ளி விழித்திரையில் சேர்க்கிறது. நீண்ட கண்ணை அது சுருக்காது. அதற்காகக் கண்ணாடியைப் போடாமல் விடாதீர்கள், பவரைக் குறைத்தும் போடாதீர்கள். இரண்டாலும் பயனில்லை. தினம் இரண்டு மணி நேரம் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். டியூஷனைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்பேன். கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்கத் தரும் குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிய முக்கிய ஆய்வுகள் சில சிங்கப்பூரிலேயே நடந்தவை. மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (58 வயது வாசகர்): எனக்கு மைனஸ் 3. கண்ணாடியைக் கழற்றினால்தான் நாளிதழ் படிக்க முடிகிறது, ஏன்?

பதில்: ஐயா, வயதானால் வரும் வெள்ளெழுத்தால், உங்கள் கண்ணில் உள்ள லென்ஸ் கிட்டப் பார்க்க வளைய மறுக்கிறது. ஆனால் மைனஸ் 3 கண்ணுக்கு எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் 33 செ.மீ., அதாவது நாளிதழ் பிடிக்கும் தூரம். கண்ணாடி இல்லாமல் தாளை மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து மங்கத் தொடங்கும் இடம் கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பாருங்கள். 100ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் உங்கள் பவர் கிட்டத்தட்ட வந்துவிடும். சிதறல்பார்வை (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாதது) இருந்தால் மட்டும் கணக்கு உதைக்கும்.